தரையில் தெரியாத பிளவு

தரையில் விரிசல் காணப்படாத இடத்தில் நிலவியலாளர் வரையும் பிளவு வெறும் ஊகமே என்ற வாதம், 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை உலுக்கிய பூஜ் நிலநடுக்கத்தின் முன் நிற்காது. அங்கும் முதன்மைப் பிளவு மேற்பரப்பை எட்டவில்லை. ஆயினும், பெருநடுக்கத்தைத் தொடரும் சிறு நடுக்கங்களான பின்னதிர்வுகளின் இருப்பிடங்களை, அலைகள் வெவ்வேறு நிலையங்களை அடைந்த நேரங்களைக் கொண்டு கணித்தபோது, அவை தெற்கு நோக்கிச் சரிந்து ஆழத்துக்கு இறங்கும் தளமாக அணிவகுத்தன. முதல் அலை தரையை மேலே தள்ளியதா, கீழே இழுத்ததா என்ற பதிவு தனித்து நின்றால் இரண்டு தளங்களுக்கு இடம் கொடுக்கும் என்பது உண்மையே. அவற்றுள் எது நகர்ந்தது என்பதைப் பின்னதிர்வுகளே முடிவு செய்தன, தென்புறப் பாறை வடபுறத்தின் மீது ஏறியதும் அவ்வாறே தெளிவாயிற்று. கட்டட விதிகளை வகுப்போர், விரிசல் இல்லாமையைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ளலாகாது.