தனக்கு உரிமை, பிறர்க்கு விலங்கு

குடியாட்சியின் பிறப்பிடம் ஏதென்சு என்று உலகம் போற்றுகின்றது. அப்புகழ் பொய்யன்று. செல்வனும் எளியவனும் ஒரே பேரவையில் கை உயர்த்தி முடிவு செய்தனர். ஐந்நூற்றுவர் மன்றத்திற்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தனர். முறைமன்றத்தில் அமர்ந்த ஏழைக்கு நாட்கூலி தந்தனர். ஆயின், அவ்வுரிமை பெண்டிர்க்கு இல்லை, அடிமைகட்கு இல்லை, வேற்றூரிலிருந்து வந்து குடியேறியோர்க்கும் இல்லை. இவ்வுள்ளூர்க் குறையோடு நில்லாது, உரிமை பெற்ற அம்மக்களே பிற நகரங்களின் உரிமையைப் பறித்தனர் என்பதே எண்ணிப் பார்த்தற்குரியது.

பாரசீகரை எதிர்க்கவென்று கி.மு. 478-இல் கிரேக்க நகரங்கள் பல ஒன்றுகூடின. தீலோசுத் தீவில் பொதுக் கருவூலம் அமைந்தது. நட்பாய்த் தொடங்கிய அக்கூட்டு நாளடைவில் ஆண்டான் அடிமை உறவாயிற்று. விலக விரும்பிய நக்சோசும் தாசோசும் படைகொண்டு அடக்கப்பட்டன. கி.மு. 454-இல் கருவூலமே ஏதென்சுக்குப் பெயர்ந்தது. தோழமைக் கொடை திறையாயிற்று!

கி.மு. 428-இல் இலெசுபோசுத் தீவின் மித்திலீன் நகரம் பிரிந்துபோக எழுந்து, மறு ஆண்டு பணிந்தது. அந்நகர ஆடவர் அனைவரையும் கொல்லவும், பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமையாக்கவும் ஏதென்சுப் பேரவை சினத்தால் முடிவு செய்து, கலம் ஒன்றை விடுத்தது. மறுநாள் நெஞ்சு உறுத்தவே, அவை மீண்டும் கூடிற்று. கொலையே தக்கது என்றான் கிளியோன். எதிர்த்து நின்ற தியோதோதசும் இரக்கத்தை முன்வைத்தானல்லன். கொல்லாமையே ஏதென்சுக்கு ஊதியம் என்று வழக்காடினான். சிறு வேறுபாட்டில் வென்றான். இரண்டாம் கலத்தினர் துடுப்பு வலித்தபடியே உண்டு, முறைவைத்து உறங்கி, கொலை தொடங்குமுன் கரை சேர்ந்தனர்.

குடியாட்சியின் மாண்பு இஃது என்பார் உளர். தவறுணர்ந்து திருந்தியது மாண்புதான். ஆயினும், கிளர்ச்சிக்குக் காரணர் என்று ஆயிரவர்க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகத் துசிடிடீசு எழுதுகின்றார். மதில் இடிக்கப்பட்டது. விளைநிலம் 3,000 கூறுகளாக்கப்பட்டு, 300 கடவுளர்க்கும் 2,700 ஏதென்சுக் குடிகட்கும் போயின. தம் நிலத்தையே உழுது, ஆண்டுதோறும் குத்தகை செலுத்தினர் அத்தீவினர். ஒரு நகரத்தின் உயிர், அயலான் உறங்கி எழுந்து மனம் மாறுவதையும் ஒரு கலத்தின் விரைவையும் நம்பியிருத்தல் உரிமை ஆகுமோ?

கி.மு. 416-இல் மீலோசுத் தீவு பணிய மறுத்தது. முற்றுகைக்குப்பின் அதன் ஆடவர் கொல்லப்பட்டனர். மகளிரும் குழந்தைகளும் அடிமையாயினர். இம்முறை இரண்டாம் கலம் புறப்படவே இல்லை.

கி.மு. 405-இல் ஏதென்சின் கடற்படை அழிந்தது. செய்தி வந்த இரவில், மீலோசுக்குத் தாம் செய்தது தமக்கும் நேருமோ என்று அஞ்சி நகரத்தார் ஒருவரும் உறங்கவில்லை என்கின்றார் செனோபன். மறு ஆண்டு ஏதென்சு பணிந்தது. அதன் நெடுமதில்களும் இடிபட்டன. முப்பதின்மர் கொடுங்கோல் தொடங்கிற்று. அடிமைப்பட்டோர் அச்சம் எத்தகையது என்பதை ஆண்டவர் அன்று அறிந்தனர்.

கோலோச்சுவோன் ஒருவனா, பலரா என்பது ஆள்வோர்க்குப் பெரிய வேறுபாடு. ஆளப்படும் வேற்று மக்களுக்கோ அது வேறுபாடே அன்று. அவையோர் அனைவரும் கை உயர்த்திப் பூட்டினும், விலங்கு விலங்கே!