எந்தப் பகுதி பாதுகாப்பானது என்னும் கேள்வி

தில்லிக்கு முதன்முறையாகச் செல்வோர் பயணச்சீட்டு எடுத்த கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தங்குவதற்கு எந்தப் பகுதி பாதுகாப்பானது? கருத்தரங்குக்குச் செல்லும் மாணவி, ஆவணக் காப்பகத்தில் பத்து நாள் அமர வேண்டிய ஆய்வாளர், ஆக்ரா போகும் வழியில் இரண்டு நாள் ஊர் பார்க்க நினைக்கும் குடும்பம் என எல்லோரும் இதையே கேட்கின்றனர். விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. தெற்குத் தில்லி நல்லது. பஹார்கஞ்ச் பக்கம் போகவே வேண்டாம். பழைய தில்லியைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

இந்த விடை அக்கறையில் பிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், பாதுகாப்பு ஒரு பகுதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் என்று அது கருதிவிடுகிறது. யார், எந்த நேரத்தில், எந்த வழியாக வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தே ஓரிடம் பாதுகாப்பானதாகவோ அல்லாததாகவோ ஆகிறது. இந்த மூன்றையும் கேளாமல் சொல்லப்படும் விடை, கேட்பவருக்கு நிம்மதியைத் தரலாம், வழித்துணையாக அமையாது.

நாடே அறிந்த இரு நிகழ்வுகளை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். 2012 டிசம்பர் 16 அன்று இரவு, சாகேத்தில் திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்ப முயன்ற மாணவியும் அவர் நண்பரும் முனிர்காவில் ஒரு தனியார் பேருந்தில் ஏறினர். இரண்டு இடங்களும் தெற்குத் தில்லியில், ‘நல்ல பகுதி’ எனப் பரிந்துரைக்கப்படும் வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அன்று அவர்களைக் கைவிட்டது பகுதியன்று. அந்த நேரத்தில் நம்பிக்கையோடு ஏறத்தக்க ஊர்தி இல்லாமற்போன நிலை. 2014 ஜனவரி இறுதியில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவர் நிடோ தானியா, முகவரி விசாரிக்கச் சென்ற கடையில் தம் தோற்றத்துக்காகக் கேலி செய்யப்பட்டுத் தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். பஞ்சாபில் படித்துக்கொண்டிருந்த அவர் தில்லிக்கு வந்திருந்த விருந்தினர். அது நடந்த இடம் லாஜ்பத் நகர். குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்கு வரும் பகுதி. வடகிழக்கு மாநிலத்தவர் எதிர்கொள்ளும் இன்னல்களை ஆராய பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது அதன் பின்னர்தான். ஒருவருக்குப் பாதுகாப்பான கடைத்தெரு இன்னொருவருக்கு அவ்வாறு இருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நகரவியல் படிப்போர்க்கு ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூல் அறிமுகமானது. கடைக்காரர், நடந்து செல்வோர், திண்ணையில் அமர்ந்திருப்போர் ஆகியோரின் கண்களே தெருவைக் காக்கின்றன என்பது அவர் வாதம். இதைத் தில்லியின் இரவில் பொருத்திப் பார்க்கலாம். பஹார்கஞ்சின் மெயின் பஜாரில் இரவு பத்து மணிக்கும் தேநீர்க்கடை திறந்திருக்கும். மூட்டை சுமந்து பயணிகள் வந்துகொண்டிருப்பர். அதே நேரத்தில் வசதி படைத்த குடியிருப்புத் தெரு ஒன்றில் வரிசையாக நிறுத்திய கார்களைத் தவிர வேறொன்றும் இராது. அத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் குடியிருப்போர் நலச்சங்கங்கள் இரவில் இரும்புக் கதவுகளைப் பூட்டி, ஒரு வாயிலை மட்டும் திறந்து வைக்கின்றன. உள்ளே உறங்குபவருக்கு அக்கதவு காவல். மெட்ரோவிலிருந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு, எந்த வாயில் திறந்திருக்கும் என்று தெரியாமல் மதில் ஓரமாகச் சுற்றி நடக்கும் வெளியூர்ப் பெண்ணுக்கு அதே கதவுதான் இடர்.

இதனால் பஹார்கஞ்ச் போற்றத்தக்கது என்றாகிவிடாது. புதுதில்லி ரயில் நிலையத்தைச் சுற்றி, ‘நீங்கள் பதிவு செய்த விடுதி மூடிவிட்டது’ என்று சொல்லி வேறிடத்துக்கு அழைத்துச் செல்ல முயலும் தரகர்கள் ஊரறிந்தவர்கள். தெருவில் கண்கள் இருந்தால் போதும் என்பதும் முழு உண்மையன்று. அக்கண்கள் காவலாக இருக்கலாம்; வேவு பார்ப்பனவாகவும் இருக்கலாம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. பெண்களின் பாதுகாப்பு என்ற பேச்சு, ‘மரியாதையான’ பெண்ணுக்கு மட்டும் நிபந்தனையோடு இடம் தருகிறது. ஏழை ஆண்களையும் சிறுபான்மையினரையும் அச்சத்துக்குரியவர்களாகச் சித்திரிக்கிறது. ‘நல்ல பகுதி’ என்ற சொல்லின் அடியில் வர்க்கமும் சாதியும் மதமும் எந்த அளவுக்குப் படிந்திருக்கின்றன என்பதைப் பரிந்துரைப்போரே பல நேரம் உணர்வதில்லை. பழைய தில்லியை அஞ்சுவோரில் எத்தனை பேர் அங்கே ஒரு மாலைப் பொழுதையேனும் கழித்திருக்கின்றனர்?

புள்ளிவிவரம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என எண்ணுவோரும் உளர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை பெருநகரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும். ஆனால் அதன் பெருநகர அட்டவணைகளில் நகரம் ஒரே அலகு. எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதை அவை சொல்லா. பதிவான எண்ணிக்கை மிகுவது, குற்றம் மிகுந்ததையும் குறிக்கலாம். புகாரைப் பதியும் வழக்கம் மேம்பட்டதையும் குறிக்கலாம். இதனினும் பயனுள்ள முயற்சி, 2013இல் தொடங்கப்பட்ட சேஃப்டிபின் செயலியின் அணுகுமுறை. வெளிச்சம், மனித நடமாட்டம், நடைபாதை, பொதுப் போக்குவரத்தின் அண்மை, அங்கே பெண்கள் காணப்படுகிறார்களா என்பன போன்றவற்றைக் கொண்டு அது ஒவ்வோர் இடத்தையும் மதிப்பிடுகிறது. அதன் அலகு பகுதியன்று, நிற்கும் இடம். பயணியின் சிந்தனையும் அந்த அளவுக்குச் சிறிய அலகுக்கு இறங்க வேண்டும்.

அப்படி இறங்கினால் கேள்விகள் மாறுகின்றன. ரயில் உண்மையில் எப்போது வந்து சேரும்? டிசம்பரில் தில்லியில் மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. பனிமூட்டக் காலத்தில் மாலையில் வர வேண்டிய ரயில் நள்ளிரவில் வருவது அரிதன்று. மெட்ரோ ஓடாத நேரத்தில் வர நேர்ந்தால் விடியும்வரை எங்கே காத்திருப்பது? மெட்ரோ வாயிலிலிருந்து விடுதிக் கதவுவரை எத்தனை நிமிட நடை, அவ்வழியில் இரவு ஒன்பதுக்குத் திறந்திருப்பவை எவை? தனியாக வரும் பெண்ணுக்கோ, மணமாகாத இணையருக்கோ, வெளிநாட்டவருக்கோ அந்த விடுதி அறை தருமா? பதிவு உறுதியான பிறகும் வரவேற்பு மேசையில் திருப்பி அனுப்பப்படுவோர் இருக்கின்றனர். இரவு பதினொன்றுக்கு இணையத்தில் மட்டும் உறுதியாக இருந்த அறையால் யாருக்கும் பயனில்லை. ஆகவே முன்னதாகத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்வதும், முதலில் ஓர் இரவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு, வழியைப் பகலில் நடந்து பார்த்த பின் நீட்டிப்பதும் எந்தப் பகுதிப் பட்டியலையும்விடப் பயன் தரும்.

இவ்வளவு கணக்கையும் யார் போட வேண்டியிருக்கிறது என்பதுதான் கல்வியுலகம் கவனிக்க வேண்டிய செய்தி. தில்லிப் பல்கலைக்கழக மாணவியரைப் பற்றிய கிரிஜா போர்க்கரின் ஆய்வு, பாதுகாப்பான வழித்தடத்துக்காகப் பெண்கள் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் கூடுதல் பணம் செலவிடவும் முன்வருகின்றனர் எனக் காட்டியது. ஆய்வுப் பயணத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒரே உதவித்தொகை பெறும் இருவரில் ஒருவர் மலிவான அறையில் தங்கி, காப்பகம் மூடும்வரை அமர்ந்து படிக்கிறார். மற்றவர் இருமடங்கு வாடகை தந்து, இருட்டுமுன் அறைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கோப்பைப் பாதியில் மூடுகிறார். ஆய்வேட்டில் அந்த விடுபட்ட பக்கங்கள் தெரிவதில்லை. தெரிந்தாலும் அவை ஆய்வாளரின் குறையாகவே எண்ணப்படுகின்றன.

ஆய்வு அறம் குறித்த படிவங்கள் பெரும்பாலும் தகவலாளிக்கு நேரக்கூடிய தீங்கையே கேட்கின்றன, அது தேவைதான். களத்துக்குச் செல்லும் ஆய்வாளர் எங்கே தங்குவார், எப்படித் திரும்புவார் என்ற கேள்விக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது? கருத்தரங்கு நடத்துவோர் ‘அருகிலுள்ள விடுதிகள்’ என்று பெயர்களை மட்டும் அனுப்புவதோடு கடமை முடிந்ததாகக் கருதுகின்றனர். கடைசி அமர்வை ஐந்து மணிக்குள் முடிப்பது, இரவு விருந்துக்குப் பின் ஊர்தி ஏற்பாடு செய்வது, பயணப்படியில் தங்குமிட வேறுபாட்டுக்கு இடமளிப்பது, முன்பு அங்கு தங்கிய மாணவியரின் குறிப்புகளைத் துறையில் தொகுத்து வைப்பது ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

மகளை வழியனுப்பும் தாய்க்கு இந்த விவாதமெல்லாம் வேண்டியதில்லை, ஒரு பெயர் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தத் தாயின் அச்சம் நியாயமானது. பெயர் சொல்வதிலும் தவறில்லை. அந்தப் பெயரோடு, எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டும், எத்தனை மணிக்குள், எந்தப் பக்கமாக நடக்க வேண்டும், ரயில் தாமதமானால் யாரை அழைக்க வேண்டும் என்பனவும் சேர்ந்து சொல்லப்பட வேண்டும். துறைத் தலைவரும் நெறியாளரும் கருத்தரங்க அமைப்பாளரும் இந்த விவரங்களைத் திரட்டித் தரும் பொறுப்பை ஏற்கும்வரை, ஒவ்வொரு மாணவியும் தனித்தனியே, தன் செலவில், தன் அச்சத்தைக் கொண்டே அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.