கடற்கரைச் சொத்துக்குக் கணக்கு எங்கே?

ஊரில் எத்தனை தெரு விளக்கு, எத்தனை குழாய் என்று கேட்டால் பஞ்சாயத்து அலுவலகத்தில் உடனே சொல்வார்கள். வீட்டு வரி பாக்கி யார் என்பதும் தெரியும். கடலோரக் கிராமத்தில் வேறு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மணல் மேடு எவ்வளவு இருக்கிறது? எந்தக் கிணறு உப்பாகிவிட்டது?" இதற்கும் கணக்கு இருக்க வேண்டாமா? கணக்கில்லாத சொத்து களவு போனால் யாருக்குத் தெரியும்?

மணல் மேடு ஒரு மதில்

மணல் மேடு அலையையும் புயலையும் தடுக்கும் மதில். மழை நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டியும் அதுவே. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட இலேசானது. அதனால் மணலுக்கு அடியில், உப்பு நீரின் மேல் நல்ல நீர் மிதந்து நிற்கிறது. மணலை லாரி லாரியாக அள்ளினாலும், மோட்டார் வைத்து அளவு மீறி இறைத்தாலும் அடியில் உள்ள உப்பு நீர் மேலே ஏறிவிடும். உப்பான கிணறு எளிதில் திருந்தாது. பிறகு குடத்தைச் சுமந்து நெடுந்தூரம் நடப்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான்.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

அலையாத்திக் காடும் இப்படிப்பட்ட சொத்துதான். அதன் வேர்களுக்கு இடையே இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்கின்றன. சிதம்பரத்துக்கு அருகே உள்ள பிச்சாவரம் காடு ஒரு சமயம் அழிந்துகொண்டு வந்தது. மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே காரணம் என்று எண்ணினார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. முற்காலத்தில் அரசாங்கமே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டை அடித்து வந்தது. நிழல் இழந்த தரை காய்ந்து பள்ளமானது. பள்ளத்தில் கடல் நீர் தேங்கி வற்றியது, உப்பு தங்கியது. அந்த மண்ணில் மரம் எப்படி முளைக்கும்?

1990-களில் அந்த நிறுவனமும் வன இலாகாவும் கிராமத்தாருடன் கலந்து திட்டம் வகுத்தன. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் நீர் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. கன்றுகள் நட்டார்கள், காடு தழைத்தது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

"நம்மால் என்ன ஆகும்?"

"கடற்கரைச் சட்டம் டில்லியில் போடுவது, நம்மால் என்ன ஆகும்?" என்று சிலர் கையை விரிப்பார்கள். அது சரியல்ல. 1992-ம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 விஷயங்களைப் பட்டியல் இட்டது. மீன் வளம், குடிநீர், சமூகக் காடு எல்லாம் அதில் உண்டு. 2019-ம் ஆண்டின் கடற்கரை விதிப்படி, கடலோர நகல் வரைபடத்தை மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அன்று ஊரார் கையில் கணக்கு இல்லையானால் பேச்சு எடுபடுமா?

ஆகவே ஒவ்வொரு கடலோரப் பஞ்சாயத்தும் ஒரு கடற்கரைப் பதிவேடு வைக்க வேண்டும். மணல் மேடு, காடு, கிணறு, வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். ஆண்டுதோறும் கிணற்று நீரைச் சோதித்துக் குறிக்க வேண்டும். ஊர் வரைபடத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். மீனவரும் பெண்களும் கிராம சபையில் அதைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

பக்கத்து ஊரையும் கலந்து கொள்வது அவசியம். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினாவில் மணல் பெருகியது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஓர் ஊர் கல்லைக் கொட்டித் தன் கரையைக் காத்தால், அடுத்த ஊரின் கரை கரையக்கூடும்.

பதிவேடு மட்டும் மணல் லாரியைத் தடுத்துவிடாது. ஆனால் கிராம சபைத் தீர்மானமும் கணக்கும் சேர்ந்தால், அதிகாரிகள் முன்னும் கோர்ட்டிலும் அது சாட்சி ஆகும். அடுத்த கிராம சபை கூடும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த வேலையைத் தொடங்கலாமே!