கணக்கில் வராத கம்பத்து மரணங்கள்

நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போரின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 12 ஆயிரத்தைத் தாண்டியே இருந்து வருவதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. தேங்கிய மழைநீரில் கால் வைத்த பாதசாரி, பம்புசெட்டைத் தொட்ட விவசாயி, வீட்டில் ஈரக் கையுடன் சுவிட்சைப் போட்ட பெண் என அனைவரும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். பழுதைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறி, உயிரோடு இறங்காத மின்பாதைப் பணியாளரும் அதற்குள்தான் அடக்கம். அப்படி இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்த அறிக்கைகளில் விடை இல்லை.

2023 ஜூனில் புதுதில்லி ரயில் நிலைய வளாகத்தில், மழைநீர் தேங்கிய இடத்தில் மின்கம்பத்தைப் பிடித்த பெண் ஒருவர் உயிரிழந்தபோது நாடே அதிர்ந்தது. விசாரணைகள் நடந்தன, யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான் அது. ஆனால், மின்பாதையில் வேலை பார்த்துக் கொண்டிருந்தவர் இறந்தால் அது மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தோடு முடிந்துவிடுகிறது. அபாயகரமான தொழில் என்றால் அப்படித்தான் என்று சமூகமும் அரசும் ஒருசேர சமாதானம் சொல்லிக் கொள்கின்றன.

அபாயகரமான தொழில்கள் எல்லாவற்றிலும் இந்த நிலை இல்லை. சுரங்கத்தில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் தன்பாதைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் கணக்கில் எடுக்கிறது. தொழிற்சாலை விபத்துகளுக்கெனத் தனிப் புள்ளிவிவரம் தொகுக்கப்படுகிறது. சாலையோரக் கம்பத்தில் தொங்கியபடி வேலை செய்பவர் சுரங்கத்திலும் இல்லை, தொழிற்சாலையிலும் இல்லை. அதனால் அவர் எந்தக் கணக்கிலும் தெளிவாக இடம்பெறுவதில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வகுத்தது; 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. முறையாக அதிகாரம் அளிக்கப்பட்டவரே மின்பாதையில் கை வைக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி தரப்பட வேண்டும். கையுறை, இடுப்புப் பட்டை, ஏணி, கம்பியைப் புவியுடன் இணைக்கும் 'எர்த்' கருவி ஆகியவை வழங்கப்பட வேண்டும். காகிதத்தில் குறை காண்பது கடினம்.

குறை இருப்பது 'லைன் கிளியர்' என்று பணியாளர்கள் சொல்லும் நடைமுறையில். துணைமின் நிலையத்தில் பிரேக்கரைத் திறந்து, தவறுதலாக வேறு யாரும் மூடிவிடாதபடி பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். எழுத்துமூலமான அனுமதிச் சீட்டு பெற வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்து, வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் கம்பிகளைப் புவியுடன் இணைத்த பிறகே ஏற வேண்டும். இத்தனை படிகளும் பல இடங்களில் 'நிறுத்தியாகிவிட்டது' என்று செல்பேசியில் சொல்லப்படும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டன.

அந்த ஒற்றைச் சொல் பல வழிகளில் பொய்த்துப் போகலாம். ஒரு ஃபீடருக்குப் பதிலாக வேறொரு ஃபீடர் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஒரே பாதையில் இரு குழுக்கள் வேலை செய்ய, ஒரு குழு முடித்துவிட்டதாகச் சொன்னதும் இயக்குபவர் மின்சாரத்தைத் திறந்துவிடலாம். மாற்று சுவிட்ச் பொருத்தப்படாத கடை ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, மின்மாற்றி வழியாக 11 ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து கம்பிக்கு வரலாம். 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். மின்தடையின்போது தானாகவே துண்டித்துக்கொள்ளும் ஏற்பாடு சூரிய மின் கருவிகளில் உண்டு என்றாலும், அது சரிவரப் பொருத்தப்படாத இடத்தில் கூரையிலிருந்தும் ஆபத்து வரலாம். இவை அத்தனையிலிருந்தும் காப்பாற்றக்கூடிய கடைசி அரண், கம்பியைப் புவியுடன் இணைக்கும் அந்த எளிய கருவிதான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

'கையுறை அணியவில்லை, அலட்சியமே காரணம்' என்று இறந்தவர்மீதே பழி சுமத்துவது எளிது. ஆனால், அந்த அவசரத்தை உருவாக்கியது யார் என்பதையும் கேட்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, குறித்த நேரத்துக்குள் மின்விநியோகத்தைச் சீராக்காவிட்டால் நிறுவனம் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும். நுகர்வோருக்கு அந்த உரிமை தேவைதான். ஆனால், அந்த நெருக்கடி அதிகாரிகள் வழியாக இறங்கி வந்து, கடைசியில் மழையில் நனைந்தபடி கம்பத்தடியில் நிற்பவரின் தலையில்தான் விடிகிறது. தாமதத்துக்கு விலை வைத்த அரசு, விதியை மீறிய விரைவுக்கு அதே தெளிவுடன் விலை வைக்கவில்லை.

அந்தக் கம்பத்தடியில் நிற்பவர் பல மாநிலங்களில் இன்று நிரந்தர ஊழியரும் அல்லர். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாத இடங்களில் ஒப்பந்தப் பணியாளர்களே மின்பாதைகளைப் பராமரிக்கின்றனர். விபத்து நேர்ந்தால் அவர் தங்கள் ஊழியர் அல்லர் என்கிறது நிறுவனம். வேலை ஏவியது நிறுவனம்தான் என்கிறார் ஒப்பந்ததாரர். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது குறைந்தது ரூ. 5 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்தாருக்கு அளிக்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். இது வரவேற்கத்தக்கது. ஆனால் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை அமர்த்திய ஒப்பந்ததாரருக்கே பொருந்தியது. புதிய தொகுப்போ ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த விதிகளுக்கான வரம்பை 50 பேராக உயர்த்திவிட்டது. பத்துப் பதினைந்து பேரை வைத்துப் பராமரிப்புப் பணி செய்யும் சிறு ஒப்பந்ததாரர்கள் இந்த வலையில் சிக்காமல் நழுவிவிடுவர்.

விசாரணையின் நிலையும் திருப்திகரமாக இல்லை. விபத்து குறித்து மின் ஆய்வாளரைக் கொண்டு விசாரிக்கச் செய்ய மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பல மாநிலங்களில் அந்த ஆய்வாளர் பணியாற்றுவது எரிசக்தித் துறையின் கீழ். மின்விநியோக நிறுவனத்தை நடத்துவதும் அதே துறைதான். ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பது ஏன்? விசாரிப்பவர் விசாரிக்கப்படுபவருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். ரயில்வேக்குப் பொருந்தும் நியாயம் மின்துறைக்கும் பொருந்தும்.

மின்விநியோகம் மாநிலங்களின் பொறுப்பு என்று சொல்லி மத்திய அரசு ஒதுங்கிவிட முடியாது. 2021-இல் தொடங்கிய, ரூ. 3 லட்சம் கோடிக்கும் அதிகமான மதிப்பீட்டிலான மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ், மின் இழப்பைக் குறைத்து, வரவு - செலவு இடைவெளியை அடைத்தால்தான் நிதி என்று மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது தில்லிதான். இழந்த யூனிட்டுக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இழந்த உயிருக்குக் கணக்குக் கேட்கத் தெரியாதா?

செய்ய வேண்டியவை மூன்று. பணியின்போது இறக்கும் மின்பாதைப் பணியாளர்களின் எண்ணிக்கையை, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, நிறுவன வாரியாக மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மின் ஆய்வாளர்களை எரிசக்தித் துறையிடமிருந்து பிரித்து, அவர்களது விசாரணை அறிக்கைகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். மத்திய நிதியுதவிக்கான நிபந்தனைகளில், எழுத்துமூலமான லைன் கிளியர் இன்றி ஒருவரும் கம்பத்தில் ஏற்றப்படவில்லை என்பதற்கான தணிக்கையைச் சேர்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் செலவு ஆகாது.

ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் தேதி லைன்மேன் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மேடையில் சால்வையும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன. அந்த மரியாதை தேவைதான். கம்பத்தில் ஏறுபவரின் பெயர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று மின்சாரம் பார்ப்பதில்லை. அரசும் அதைப் பாராமல், கடந்த ஆண்டில் இறந்தவர்களின் முழுப் பட்டியலை அந்த மேடையிலேயே வெளியிடட்டும். பாதுகாப்புக்கான வேலை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.