ராஜா மீனும் ஈயக்குட்டைகளும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தூண்டில் போடும் பழக்கமுள்ளவர்களிடையே சில வருஷங்களாகவே ஒரு விவகாரம் தீராமல் நடந்து வருகிறது. தென்னமெரிக்காவின் அமேசான் பிரதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்டதும், வாலடியில் மயிற்கண் போன்ற வட்டம் இருப்பதால் ஆங்கிலத்தில் பீக்காக் பாஸ் என்று பெயர் பெற்றதும், நம் ஊர்க் கரைகளில் எல்லா இனத்தாராலும் ராஜா மீன் என்று அழைக்கப்படுவதுமான அந்த மீனை, பிடித்த பின் மறுபடியும் நீரில் விடுவதா, வீட்டுக்கு எடுத்துச் செல்வதா, அது இல்லாத குட்டைகளுக்கும் கொண்டுபோய் விடலாமா என்பதே அந்த விவகாரம். ஈப்போவையும் அதைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் தோட்டங்களையும் சேர்ந்த தூண்டிற்காரர்களாகிய நாங்கள், இதைப் பற்றி எங்களுக்குள் நெடுநேரம் வாதித்து, சிலருடைய மனத்தாங்கலையும் பொறுத்துக்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பிடித்த ராஜா மீனை எங்கள் அங்கத்தினர் யாரும் திரும்ப நீரில் விடமாட்டோம். அதை உயிருடன் ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லமாட்டோம். எடுத்துச் செல்பவருக்குத் துணை நிற்கவும் மாட்டோம். இந்த முடிவுக்கான காரணங்களைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

ஈயக்குட்டை என்றால் என்னவென்று இம்மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்வறிக்கை வெளியூரார் கைக்கும் போகக் கூடுமாதலால் சிறிது சொல்கிறோம். கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் காவல் நிற்க, நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாய் எழுந்து நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கு, ஒரு காலத்தில் உலகத்திலேயே மிகுதியாக வெள்ளீயம் கிடைத்த பூமிகளில் ஒன்று. மலைகளிலிருந்து மழைநீர் யுகயுகமாய் அடித்துக்கொண்டு வந்து படியவைத்த மணலுக்குள் கிடந்த அந்த உலோகத்தை, சீனத் தொழிலாளர் பீரங்கிபோல் நீரைப் பீய்ச்சும் குழாய்களால் மண்ணைக் கரைத்தெடுத்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் தாமே தோண்டிய குளத்தில் தாமே மிதந்து முன்னேறும் ஈயக் கப்பல்களை இறக்கின. 1938-இல் கட்டப்பட்ட அப்படிப்பட்ட கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங் சாலையோரத்தில் இன்றும் காட்சிப்பொருளாய் நிற்கிறது. 1985 அக்டோபரில் சர்வதேச ஈயக் கவுன்சில் பணமின்றி முறிந்து, விலை ஒரே அடியாய் விழுந்தபோது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பம்புகள் நின்றதும் குழிகளில் நீர் நிரம்பியது. ஈப்போ, பத்து காஜா, கம்பார், மாலிம் நாவார் ஆகிய ஊர்களைச் சுற்றி வானத்திலிருந்து பார்ப்பவருக்கு உடைந்த கண்ணாடித் துண்டுகளைப்போல் மின்னும் குட்டைகள் எல்லாம் அந்தக் காலத்தின் எச்சங்களே. சுரங்கக் குழியை அழகு செய்யலாம் என்பதும் இம்மாநிலத்தார் வெகுகாலம் முன்பே அறிந்தது; தைப்பிங் ஏரிப் பூங்கா 1880-இல் அப்படித்தான் உண்டாயிற்று.

இந்தக் குட்டைகளுக்கும் தோட்டத்து ஜனங்களுக்கும் உள்ள சம்பந்தம் வெறும் பொழுதுபோக்கு அன்று. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு காலையிலேயே முடிந்துவிடும். பிற்பகலில் மூங்கில் கழியும் தக்கையும் மண்புழு டப்பாவும் எடுத்துக்கொண்டு ஈயக்குட்டைக்குப் போன தகப்பன்மார்களின் பிள்ளைகள் நாங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனைக்கு மாறியும், லயங்கள் இடிக்கப்பட்டும், குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குச் சிதறிய நாட்களில், சம்பளம் போதாத வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பாய்க் கொதித்தது பெரும்பாலும் அந்தக் குட்டை மீனே. விரால், பனையேறி, கெளுத்தி, லம்பாம், செப்பாட் என்று அந்தச் சட்டிக்குள் வந்த மீன்களை எங்கள் தாய்மார்கள் பெயர் சொல்லி அறிவார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து கிடப்பவருக்கு விரால் சாறு கொடுப்பது இந்நாட்டில் இனபேதமின்றிப் பரவிய வழக்கம். இந்த மீன்களை அந்தக் குழிகளில் யாரும் ஒரு திட்டம் போட்டு வளர்க்கவில்லை. பெருமழைக் காலத்தில் கிந்தா ஆறும் அதன் ஓடைகளும் கரைபுரண்டபோது நீரோடு வந்து சேர்ந்து, நாணலும் தாமரையும் வேர்விட்டபின் நிலைத்தவை அவை.

ராஜா மீனை நாங்கள் வெறுக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். பொன்னிற உடலில் கரும்பட்டைகளும், சிவந்த கண்ணும், இனப்பெருக்க காலத்தில் ஆண்மீனின் நெற்றியில் புடைக்கும் திமிலும் கொண்ட அதன் அழகும், பொய்ம்மீனைத் துரத்தி வந்து நீரைக் கிழித்துத் தாக்கும் அதன் வேகமும் எங்களையும் மயக்கியவை. எங்களில் சிலர், விவரமறியாத வயதில், பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் அதன் குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் குட்டைகளில் விட்டதும் உண்டு. செய்ததை மறைத்துவிட்டுப் பிறருக்குப் புத்தி சொல்வது நியாயமாகாது என்பதால் அதையும் இங்கே எழுதுகிறோம்.

ஆனால் அதன் சுபாவத்தை எண்ணிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் அது. கலங்கிய ஆற்று நீரைவிடத் தெளிந்து தேங்கிய நீரே அதற்கு உகந்தது. வண்டல் அடியில் படிந்து, மேல்நீர் பச்சைக் கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும் பழைய ஈயக்குட்டையைவிட அதற்கு ஏற்ற வீடு வேறு இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாய்க் கல்லின்மேலோ கட்டையின்மேலோ முட்டையிட்டு, குஞ்சுகள் தாமாக இரை தேடும் பருவம் வரும்வரை வாரக்கணக்கில் காவல் காக்கும். தன் குஞ்சைக் காக்கத் தெரிந்ததும் பிறர் குஞ்சை விழுங்கத் தெரிந்ததுமான ஒரு மீன், குளிர்காலமென்பதே இல்லாத ஒரு தேசத்தின் சிறிய குட்டைக்குள் வந்துவிட்டால் முடிவு என்னவாகும் என்பதை யூகிக்கப் பெரிய சாஸ்திரம் தேவையில்லை.

சாஸ்திரமும் இதைச் சொல்லாமல் விடவில்லை. பானாமாக் கால்வாய்க்காக ஆற்றை மறித்து உண்டாக்கிய காட்டூன் ஏரிக்குள் இதே இன மீன், 1960-களின் பிற்பகுதியில், மேல்புறத்து வளர்ப்புக் குளமொன்றிலிருந்து தப்பி வந்தது. சில வருஷங்களுக்குள் அந்த ஏரியில் சாதாரணமாய்க் கிடைத்த சிறுமீன்களில் பெரும்பாலானவை காணாமற்போயின. அவற்றை நம்பியிருந்த நீர்ப்பறவைகள் குறைந்தன. கொசுக் குடம்பிகளைத் தின்ன ஆளில்லாமற்போனதன் விளைவையும் ஆராய வேண்டியதாயிற்று. தாமஸ் ஸாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரண்டு அறிஞர்கள் இதை 1973-இல் ஸயன்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள். மனிதன் வெட்டிய நீர்நிலைதானே, அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று எங்களிடம் கேட்பவர்களுக்குக் காட்டூனே பதில். அதுவும் மனிதன் அணைகட்டி உண்டாக்கிய ஏரிதான். பத்து காஜாவுக்கு அருகே பழைய சுரங்க நிலத்தில் கூடுகட்டி வாழும் கொக்குகளும் நாரைகளும் எந்த மீனைக் கொத்தித் தங்கள் குஞ்சுகளுக்குக் கொண்டு போகின்றன என்பதை ஒரு காலை நின்று பார்த்தவர் இதை எளிதில் ஒப்புக்கொள்வார். மேலும் குட்டை குட்டையாகவே நிற்பதில்லை. வெள்ளக் காலத்தில் அது ஓடையோடு கலக்கும்; ஓடை கிந்தா ஆற்றோடும், கிந்தா பேராக் ஆற்றோடும் கலக்கும்.

எங்கள் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிகவும் வலிமையானது பிளாரிடா வாதம். திலாப்பியா இன மீன்கள் கால்வாய்களில் பெருகித் தொல்லை தந்ததால், அவற்றைத் தின்னட்டும் என்று 1984-இல் அம்மாகாண அரசாங்கமே இந்த மீனைக் கொண்டுவந்து விட்டது. தூண்டிற்காரர்களால் வருமானமும் கிடைத்தது. ஆகையால் இங்கும் அப்படியே நடக்கட்டும் என்கிறார்கள். இதை நாங்கள் அலட்சியமாய் ஒதுக்கவில்லை. ஆனால் பிளாரிடாவில் தைரியமாய் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த மீன் குளிரைத் தாங்காது. வடக்கே போனால் குளிர்காலத்தில் செத்துவிடும். ஆதலால் அது தெற்குக் கோடியைத் தாண்டிப் பரவாதென்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. அங்கே வேலியாய் நின்றது குளிர். கிந்தாவில் அந்த வேலியை யார் போடுவது? திலாப்பியாவும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதே. பஞ்ச காலத்தில் அது பலர் பசியைத் தீர்த்தது என்பதை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் ஒருமுறை விட்ட மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி.

ஜப்பான் தேசத்தார் வேறு பாதை கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கரும்பாஸ் மீன் 1925-இல் ஹகோனே மலைப்பகுதியிலுள்ள ஆஷி ஏரியில் விடப்பட்டு, பின்னர் ஆசைகொண்டவர்களின் கைவழியே நாடெங்கும் பரவி, அவர்களுடைய மிகப் பழமையான பிவா ஏரியையும் பிடித்துக்கொண்டது. பிவா அமைந்துள்ள ஷிகா மாகாணம் 2003 முதல், பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாதென்று விதித்து, அதைப் போடுவதற்குக் கரைகளில் பெட்டிகளும் வைத்தது. 2005-இல் அமலுக்கு வந்த தேசியச் சட்டம் அதை உயிருடன் கொண்டு செல்வதையே தடுத்தது. அங்கும் தூண்டிற்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். இங்கும் கோபிப்பார்கள், கோபிப்பவர்கள் எங்கள் நண்பர்கள் என்பதே எங்களுக்கு வருத்தம்.

பிடித்து விடுதல் என்ற பண்பையே நாங்கள் எதிர்க்கிறோம் என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியன்று. அந்தப் பண்பு நம் சொந்த மீன்களுக்கு உரியதென்பதே எங்கள் அபிப்பிராயம். தெமெங்கோர் ஏரியின் செபாராவும், மலையோடைகளின் கெலாவும் பிடிபட்டால் ஈரக் கையால் தொட்டு, கொக்கியைக் கழற்றி, தாமதமின்றி நீருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. தோமான் மீனைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். செந்நிறப் பந்துபோல் மேல்நீரில் கொப்பளித்துச் செல்லும் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் தாயும் தந்தையும் காவலாய் வருவதைத் தெரிந்துகொண்டே, அந்தப் பந்தின்மேல் ரப்பர் தவளையை எறிந்து, கோபத்தால் பாய்ந்து வரும் பெற்றோரைப் பிடிப்பதை வீரமென்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரை இழந்த குஞ்சுகள் சிறிது நேரத்திற்குள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். இதை எங்கள் சங்கம் மிக இழிவான செய்கை என்று கருதுகிறது.

ராஜா மீனை ஒழிப்பதென்று சொல்லி விஷம் கலப்பதையும் மின்சாரம் பாய்ச்சுவதையும் நாங்கள் ஒருநாளும் ஆதரியோம்; 1985-ஆம் வருஷத்து மீன்பிடிச் சட்டம் அவற்றைத் தடுத்திருக்கிறது; அவை ராஜாவோடு விராலையும் சேர்த்தே கொல்லும். குட்டையை மண்போட்டு மூடி வீட்டுமனையாக்குவதற்கு இந்த விவகாரத்தை யாரும் சாக்காக்கவும் இடமில்லை.

ஆற்று மீன்வளம் கூட்டரசு அரசியல் சாசனப்படி மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்டதாகையால், பேராக் மாநில அரசாங்கத்தை நாங்கள் வேண்டுவது இது: ராஜா மீனை உயிருடன் எடுத்துச் செல்லலாகாது, வேறு நீரில் விடலாகாது என்பதை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதி, ஜனங்கள் தூண்டில் போடும் கரைகளிலேயே பலகை நாட்ட வேண்டும், ஷிகாவில் வைத்ததுபோல் பெட்டிகளும் வைக்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியாமற்போன மீனையும், புண்ணியத்தை எண்ணி விலைக்கு வாங்கிய மீனையும் ஆற்றில் விடுகிறவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல், கோயில்களின் வாயிலாகவும் அலங்கார மீன் கடைகளின் வாயிலாகவும் அன்போடு விளக்கிச் சொல்ல வேண்டும். தமிழ்க் கோயில்களில் அந்தப் பணியை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் தூண்டில் போட்டிகளில் இதுவரை மிகப் பெரிய ராஜா மீனுக்கு அளித்துவந்த பரிசை நிறுத்திவிட்டோம். இனி அந்தப் பரிசு, பெரிது சிறிது பாராமல், ஒரே நாளில் மிக அதிகமான ராஜா மீன்களைக் கரையேற்றியவருக்கு உரியது. அவ்வாறு கரையேறிய மீன் முழுவதும் அன்று மாலையே மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரிக்கப்பட்டு, அந்தக் குட்டையை அடுத்துள்ள பழைய தோட்டத்துக் குடும்பங்களோடு பகிர்ந்து உண்ணப்படும்.