எதிரணிக்கும் ஓர் இருக்கை

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என இரு கால்பந்துக் கழகங்கள் உள்ளன. முன்னது கத்தோலிக்கரின் கழகம் என்றும், பின்னது பிரிந்துள்ள சகோதரராகிய புரொட்டஸ்டாண்டு சபையினரின் கழகம் என்றும் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்டு வருகின்றன. இவ்விரு அணிகளும் மோதும் நாளில் எதிரணியின் அரங்கிற்குள் நுழையும் ஓர் ஆதரவாளனின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

செல்டிக் கழகத்தின் பச்சை வெள்ளைக் கழுத்துத்துண்டை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு அவன் கிளைடு ஆற்றைக் கடக்கிறான். காவலர் வரிசைகளுக்கிடையே நடந்து, சோதனைக்கு உட்பட்டு, ஐப்ராக்ஸ் அரங்கின் ஒரு பகுதியில் தன்னவரோடு அடைக்கப்படுகிறான். சுற்றிலும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்த்தரப்பினர். அவர்கள் எழுப்பும் பாட்டில் தம் அணியின் புகழ் மட்டுமா ஒலிக்கிறது? அவனுடைய மறையையும், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவன் முன்னோரையும் இழித்துரைக்கும் சொற்களும் அதில் உண்டு. அவன் செய்த குற்றம் யாது? தான் நேசிக்கும் அணியைக் காண வந்தது ஒன்றே.

படிக்கும் நமக்கு நெஞ்சம் கொதிக்கிறது. கொதிக்கட்டும். ஆயினும், அதே நகரின் கிழக்கே, செல்டிக் அரங்கிற்குள் நுழையும் ரேஞ்சர்ஸ் ஆதரவாளனுக்கு மலர்மாலையா காத்திருக்கிறது? அங்கே நம் மறையின் பெயரைச் சொல்லிக்கொள்வோரே அயர்லாந்து ஆயுதக் குழுவின் புகழைப் பாடி அவனை வரவேற்றதுண்டு. 2011-ஆம் ஆண்டில், ஆதரவாளர்களின் தகாத பாட்டுகளுக்காக ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் இவ்விரு கழகங்களுக்கும் அபராதம் விதித்தது. ஆகவே, ஒரு கன்னம் மட்டுமே அறை வாங்கியது என்று நாம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

இந்த நோய்க்கு நிருவாகிகள் கண்ட மருந்தையே நாம் இங்குக் கண்டிக்க விழைகிறோம். எதிரணியினரை உள்ளே விடாதிருந்தால் தொல்லை தீர்ந்தது என்பதே அம்மருந்து. முன்னர் இந்த ஆட்டங்களில் எதிரணி ஆதரவாளருக்கு ஏறத்தாழ 7,000 இருக்கைகள் ஒதுக்கப்பட்டு வந்தன. 2018-இல் ரேஞ்சர்ஸ் கழகம் அதனை ஏறத்தாழ 800 ஆகக் குறைத்தது. பருவச்சீட்டு வாங்கும் தம்மவருக்கு இடம் வேண்டும் என்பது காரணம். செல்டிக் கழகமும் உடனே அவ்வாறே செய்தது. பின்னர் பாதுகாப்பைப் பற்றிய சச்சரவு எழுந்து, 2023-ஆம் ஆண்டில் லீக் ஆட்டங்களில் எதிரணிக்கு ஓர் இருக்கையும் இல்லாத நிலை வந்தது. இதனை அமைதி என்று அழைக்க நம் நா கூசுகிறது.

இது கழகம் தோன்றிய நோக்கத்திற்கே முரணானது. 1887-ஆம் ஆண்டில், கிளாஸ்கோவின் தூய மரியா ஆலய மண்டபத்தில் செல்டிக் கழகத்தைத் தோற்றுவித்தவர் மாரிஸ்ட் சபைத் துறவியான சகோதரர் வால்ஃபிரிட். பட்டினி கிடந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டுவதே அவர் நோக்கம். 1888 மே 28 அன்று அக்கழகம் ஆடிய முதல் ஆட்டத்தில் எதிரணியாக வந்தது யார்? ரேஞ்சர்ஸ் கழகத்தினரே. செல்டிக் 5-2 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் அதே ஆலய மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்து விருந்துண்டனர். வென்றவனும் தோற்றவனும் ஒரே பந்தியில் அமர்ந்த அந்த மாலைப்பொழுதை மறந்தவர்கள் கழகத்தின் பெயரை மட்டும் காத்து என்ன பயன்? இறுதித் தீர்ப்பைப் பற்றிய நற்செய்திப் பகுதியில் பசித்தவனுக்கு உணவிட்டதும் அந்நியனை ஏற்றுக்கொண்டதும் அடுத்தடுத்தே எண்ணப்படுகின்றன. பசித்தவனுக்காகத் தோன்றிய கழகம் அந்நியனுக்குக் கதவடைக்கலாமா?

கதவடைப்பால் அமைதியாவது கிட்டுகிறதா என்றால், அதுவும் இல்லை. அர்ஜென்டினா நாட்டில் 2013-ஆம் ஆண்டு, எதிரணியின் ஊருக்குச் சென்ற ஆதரவாளர் ஒருவர் காவல்துறையினரோடு நேர்ந்த மோதலில் ரப்பர் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். அதன்பின் எதிரணி ஆதரவாளர் அரங்குகளுக்கு வருவது தடை செய்யப்பட்டது. பயன் யாது? 2018-ஆம் ஆண்டு, தென் அமெரிக்கக் கழகங்களுக்கான கோப்பையின் இறுதிப் போட்டியில் புவனோஸ் அயர்ஸ் நகரின் ரிவர் பிளேட், போக்கா ஜூனியர்ஸ் அணிகள் மோதின. இரு சுற்றுகளிலும் எதிரணி ஆதரவாளருக்கு அனுமதி இல்லை. ஆயினும் நவம்பர் 24 அன்று, ரிவர் பிளேட் அரங்கை நோக்கி வந்த போக்கா ஆட்டக்காரர்களின் பேருந்தே தாக்கப்பட்டது. சன்னல்கள் நொறுங்கின, ஆட்டக்காரர்கள் காயமுற்றனர். பகைக்குப் பார்வையாளன் கிடைக்காதபோது அது ஆட்டக்காரனைத் தேடிப் போயிற்று. இறுதியில் டிசம்பர் 9 அன்று, கடல் கடந்து மாட்ரிட் நகரில் ஆட்டம் நடந்தபோது, இரு தரப்பு ஆதரவாளரும் ஒரே அரங்கில் அமர்ந்து அதைக் கண்டு களித்தனர். சொந்த ஊரில் இயலாது என்று சொல்லப்பட்டது அயலூரில் இயன்றது. அப்படியானால் இல்லாதிருந்தது இடமா, மனமா?

இனி, நம்மை எதிர்த்து வாதிடுவோர் சொல்வதையும் கேட்போம். ஆபத்து மெய்யானது என்கின்றனர். ஆம், மெய்யானதே. 1980-இல் ஹாம்ப்டன் பார்க் அரங்கில் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பினரும் திடலுக்குள் பாய்ந்து அடித்துக்கொண்டனர். குதிரைப் படைக் காவலரே அவர்களைக் கலைக்க நேர்ந்தது. 2022-இல் ஐப்ராக்ஸ் அரங்கில் செல்டிக் அணியின் கோல் பகுதியில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தமையால் ஆட்டத்தின் பிற்பாதி தாமதமாயிற்று. ஆனால் 1980-இல் ஸ்காட்லாந்துக்கான சட்டம் என்ன செய்தது? விளையாட்டு அரங்குகளில் மதுவைத் தடை செய்தது. தீங்கின் வேரை நாடிய அச்சட்டம் பார்வையாளனை விரட்டவில்லை. போத்தலை எறிந்தவனைப் பிடித்துத் தண்டியுங்கள். அமைதியாக அமர்ந்திருந்தவனின் இருக்கையைப் பறிக்காதீர்கள். சிலர் செய்த பிழைக்காகப் பல்லாயிரவரைத் தண்டிப்பது நீதியாகாது.

மேலும், கண்முன் இல்லாத எதிரி வெறும் நிழலாகிறான். நிழலை வெறுப்பது எளிது. அருகில் வந்து, தன் அணி தோற்கையில் நம்மைப்போலவே முகம் வாடுகிறவனை மனிதனாகக் காணாதிருப்பதோ அவ்வளவு எளிதன்று. 1971 சனவரி 2 அன்று, ஐப்ராக்ஸில் இவ்விரு அணிகளின் ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறுகையில், படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் மாண்டனர். அம்மாதத்திலேயே, மாண்டோரின் குடும்பங்களுக்காக நடந்த ஆட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்கள் ஒரே அணியாக நின்று ஸ்காட்லாந்து அணியோடு ஆடினர். சாவு இணைத்தவர்களை ஓர் ஆட்டத்தின் வெற்றி தோல்வி பிரிக்க வேண்டுமா? 1967-இல் செல்டிக் கழகத்திற்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் ஜோக் ஸ்டீன் புரொட்டஸ்டாண்டு குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம்மவர் எத்தனை பேர் நினைவிற்கொள்கின்றனர்?

2025 சனவரி 2 அன்று, அந்தத் துயர நாள் கழிந்து சரியாக 54 ஆண்டுகளுக்குப் பின், ஐப்ராக்ஸ் அரங்கின் கதவு எதிரணியினருக்கு மீண்டும் திறந்தது. ஏறத்தாழ 2,500 செல்டிக் ஆதரவாளர் உள்ளே அமர்ந்தனர். அவர்கள் அணி 3-0 எனத் தோற்றது. தோற்பதைக் காணவும் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்ததே, அதனை நாம் வாழ்த்துகிறோம். இன்னும் இருக்கைகள் கூடட்டும்.

நம் மறையினரின் கழகம் என்பதற்காக அதன் பிழைக்கும் கைதட்டுவது விசுவாசம் ஆகாது. எதிரணிக்காரன் நம் வாயிலில் வந்து நிற்கையில் அவனுக்கு ஓர் இருக்கை தருகிறோமா என்பதில்தான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது. அன்று அந்த ஆலய மண்டபத்தில் விருந்து பரிமாறிய கைகள் நமக்கு முன்மாதிரியாகட்டும்.