தை மாதத்துக் குப்பை

பொங்கல் முடிந்த கையோடு தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்துத் தனி வீடுகளில் ஒரு வேலை ஆரம்பமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தானாக முளைத்துப் பூத்த தும்பை, விஷ்ணுகிராந்தி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஆள் வைத்து வழித்தெடுப்பார்கள். பூத்தபோது செல்போனில் படம் பிடித்தவர்களுக்கே இப்போது அது குப்பை. பாம்பு வரும் என்ற பயம் வேறு. பயம் நியாயமானதுதான், வாசலையும் நடைபாதையையும் ஒட்டி வெட்டிக்கொள்ளட்டும். மதிலோரம் ஒரு பாத்தியையாவது பங்குனி வரை விட்டுவைக்கலாமே!

கிலுகிலுப்பைக்குச் சில விருந்தாளிகள் வருவதே பூ கொட்டிய பிறகுதான். மஞ்சள் பூ போய், காய் முற்றி, அசைத்தால் உள்ளே விதை கலகலக்கும் சமயத்தில் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற வண்ணத்துப்பூச்சிகள் காய்ந்த தண்டில் மொய்க்கும். பெரும்பாலும் ஆண்பூச்சிகள். தண்டைக் காலால் பிறாண்டி உறிஞ்சுவது தேனை அல்ல, செடியிலுள்ள ஆல்கலாய்டை. பெண்பூச்சியை மயக்கும் வாசனையை அதைக் கொண்டுதான் அவை தயாரிக்கின்றன. தை பிறந்ததும் செடியைப் பிடுங்கிவிட்டால் அவற்றின் கல்யாண ஏற்பாடே கெட்டுப்போகும்.

விட்டுவைத்த செடி விதையையும் தானே பார்த்துக்கொள்ளும், அதை இந்தப் பக்கத்திலேயே காணலாம். சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காடு இன்னும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காட்டிலும் சரி, நன்மங்கலம் காப்புக்காட்டிலும் சரி, காட்டுப்பூவை யாரும் விதைப்பதில்லை. உதிர்ந்த விதை சித்திரை வெயிலை மண்ணில் கிடந்து கழித்துவிட்டு மழைக்கு எழுந்துகொள்கிறது.

வீட்டில் கொஞ்சம் கைகொடுக்க வேண்டியிருக்கும். ஆவாரையின் தட்டைக் காய் பழுப்பேறிச் சருகானதும் பறித்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வைக்கலாம். விதைத்தோல் கெட்டி என்பதால், ஆடியில் விதைக்குமுன் மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டால் சீக்கிரம் முளைக்கும். தும்பைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, காய்ந்த கொத்தை மண்மேல் கவிழ்த்து உதறினால் போதும். மூக்குத்திப்பூவை யாரும் கவனிக்கவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்து ஊரையே வளைத்துக்கொண்டது, காற்றிலேயே பறந்து போய்க்கொள்ளும்.

அதிகம் ஏமாற்றுவது செங்காந்தள். மாநில மலராயிற்றே என்று ஆசையாகத் தொட்டியில் வைத்தவர்கள், பூத்து ஓய்ந்ததும் இலை மஞ்சளாவதைப் பார்த்துப் பதறி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கொடி சாகவில்லை, கிழங்குக்குள் ஒடுங்குகிறது. அப்போது ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை மழைவரை நிழலில் ஒதுக்கி வைப்பதே வைத்தியம். கிளறவும் கூடாது. கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. களைக்கொத்து பட்டு நுனி ஒடிந்தால் அடுத்த மழைக்குக் கொடி கிடையாது. கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்ச்சிசின் கடும் விஷம். மூட்டுவாத மருந்துக்காக இதே விதையைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பந்தலிட்டுப் பயிர்செய்கிறார்கள் என்றாலும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிக் கதவைப் பூட்டிவிடுவது நல்லது.